மாமாவின் விலகல் அறிவித்தல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்று மூன்று கடை வைத்திருக்கிறேன். பட்டம் படித்த இரண்டு பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு: பத்து வயதில் நான் எழுதியது பேப்பரில் வந்தது.

வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டில் இருந்த சின்ன மாமா, அம்மாவின் தம்பி, நாவல் எழுதுகிறவர். யாழ்ப்பாணப் பத்திரிகை ஒன்றில் அவருடைய தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அதற்கு வந்த வாசகர் கடிதங்களை நம்பி, எண்பத்து மூன்றில் நகரசபைத் தேர்தலுக்கும் நின்றுவிட்டார்.

ஒருநாள் காலை வாசல் படலையில் கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று செருகியிருந்தது. நாளைய பேப்பரில் விலகல் அறிவித்தல் வரவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் மரண அறிவித்தல் வரும் என்று அதில் இருந்தது. தேர்தலே கூடாது என்று இயக்கங்கள் மிரட்டிய அந்த நாட்களில், வேட்பாளர் விலகுவதை வாயால் சொன்னால் போதாது. பேப்பரில் பெட்டி கட்டிப் போடவேண்டும்.

மாமா எழுத உட்கார்ந்தார். கதாநாயகியின் சாவை ஆறு வாரம் இழுத்தவர் அல்லவா? நாலு பக்கம் எழுதினார், கிழித்தார். மறுபடி எழுதினார். நாலு மணி பஸ்ஸை விட்டால் பேப்பர் அச்சுக்குப் போய்விடும்.

"விலகிட்டன் எண்டு ஒரு வரி எழுத உனக்கென்னடா நோக்காடு? மூண்டரை ஆச்சு!" என்று அம்மா கத்தினார்.

"காரணம் சொல்ல வேணுமெல்லோ அக்கா. சனம் என்ன நினைக்கும்?"

"செத்தவீட்டுக்கு வாற சனம் நல்லாத்தான் நினைக்கும்."

நான் என் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்: 'நான் தேர்தலிலிருந்து விலகிவிட்டேன்.'

மாமா அதைப் பார்த்தார். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. கீழே கையெழுத்து வைத்தார். அம்மா தாளைப் பறித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் பேப்பர் வந்தது. பெட்டிக்குள் என் வரி! தூக்கிக்கொண்டு படலைக்கு ஓடினேன். தொடர்கதையில் அடுத்து என்ன என்று கேட்க வழக்கமாக வரும் பெண்கள் அங்கே நின்றார்கள். எதிர் மதிலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, நான் முன்பின் கண்டிராத இளைஞன் ஒருவனும் நின்றான்.

"இது மாமா எழுதேல்லை! நான் எழுதினது!" என்று கத்தினேன்.

பெண்கள் சிரிக்கவில்லை. சைக்கிள்காரன் நிமிர்ந்தான்.

"என்ன தங்கச்சி, அப்ப உன்ரை மாமா விலகேல்லையோ?"

மாமா வேட்டியைப் பிடித்தபடி உள்ளேயிருந்து ஓடிவந்தார். "பிள்ளை பொய் சொல்லுது. நான்தான் எழுதினனான். ஒவ்வொரு எழுத்தும் என்ரை!" சைக்கிள்காரனைப் பார்த்தே சொன்னார். இரண்டாம் தரமும் சொன்னார், இன்னும் உரத்து.

அவன் என் கையிலிருந்த பேப்பரை வாங்கிப் பெட்டியைப் படித்தான். பிறகு சைக்கிளில் ஏறிப் போனான். மாமா படலைத் தூணைப் பிடித்தபடி நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கோ அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை புத்தகம் எழுதின மனிதர், ஒரு சின்னப்பிள்ளையின் ஒரேயொரு வரியையும் களவெடுக்கிறாரே! ஒரு மாதம் அவரோடு நான் கதைக்கவில்லை.