கம்பவுண்டரின் குதிரைகளும் கார்பன் பிரதியும்

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு கார்பன் பிரதி கிடக்கிறது. குதிரைகளுக்கு மானியம் கேட்டு மெட்ராஸில் இருந்த ஒரு பிராணி நலச் சங்கத்துக்கு அனுப்பிய விண்ணப்பம் அது. எழுத்தெல்லாம் மங்கிவிட்டாலும் 'திட்டப் பொறுப்பாளர்' என்ற இடத்தில் உள்ள பெயரை இன்றும் படிக்கலாம். அது என் பெயர். இருந்திருக்க வேண்டியது எங்கள் கம்பவுண்டரின் பெயர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவமனையில் நான் டைப்பிஸ்ட். டவுன் பஸ் பெருகியதும் ஜட்கா வண்டிகளுக்குச் சவாரி நின்றுபோனது. தீனி போட முடியாதவர்கள் குதிரைகளை அவிழ்த்து விட்டுவிட்டார்கள். ரெட்டிபாளையம் சாலையோரம் சிமெண்டுத் தூசி படிந்த புல்லை மேய்ந்துகொண்டு, லாரிகளுக்கு நடுவே அவை நின்றன. அவற்றில் ஏழு குதிரைகளைக் கம்பவுண்டர் ஓட்டிவந்து மருத்துவமனைக்குப் பின்னால் கட்டினார். டாக்டர் கெடு வைத்தார்: மானியம் வராவிட்டால் மறுபடியும் ரோட்டுக்குத்தான்.

நான் பி.ஏ. படித்தவன், அந்த நினைப்பும் எனக்கு நிறையவே உண்டு. கம்பவுண்டர் எட்டாவதோடு நின்றவர். ஆனால் மாடு ஓட்டி வருகிறவர்கள் வாசலிலேயே "கம்பவுண்டர் இருக்காருங்களா?" என்றுதான் கேட்பார்கள். நாக்கை அண்ணத்தில் ஒட்டி 'டொக் டொக்' என்பார். எந்தக் குதிரையும் காதைத் திருப்பிக்கொண்டு அவரிடம் போகும். எனக்கு வயிறு எரியும். மூடி மறைப்பானேன், பொறாமைதான்.

சங்கத்தின் படிவத்தில் ஒரு கேள்வி: தேறிய குதிரைகளை யார் தத்தெடுப்பார்கள்? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கம்பவுண்டர் மருந்துக் குப்பியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஊருக்கு ஊரு அய்யனாரு கோயில்ல மண் குதிரை நிக்குது சார். உசுரோட ஒண்ணக் குடுத்தா வேணாம்பாங்களா? சாமி குதிரைன்னுட்டா ஊரே தீனி போடும். ஒருத்தனும் கை ஓங்கமாட்டான்." திருமழபாடிப் பக்கம் சில ஊர்களில் பேசியும் வைத்திருந்தார். எனக்கு இது தோன்றவில்லையே என்று அன்று சோறு இறங்கவில்லை. அதை நல்ல ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். பொறுப்பாளர் என்ற இடம் வந்ததும் என் பெயரை அடித்தேன். விரல் தவறவில்லை, தெரிந்தே அடித்தேன். டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பார்வையிட மெட்ராஸிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். படிவத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "பொறுப்பாளர் நீங்கதானே? அந்தச் செவலைக் குதிரையைக் கொஞ்சம் நடத்திக் காட்டுங்க" என்றார். கம்பவுண்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். செவலை நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, காதை மடித்துப் பல்லைக் காட்டியது. அந்த அம்மாள் பேனாவை மூடினார். ஏழு குதிரைகளும் என்னால் ரோட்டுக்குப் போகப்போகின்றன என்று எனக்குப் புரிந்தது. அந்த நேரம் கம்பவுண்டர் தவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு, ஏதோ வேலையாகப் போகிறவர் போல எங்களுக்கு முன்னால் நடந்தார். வாய்க்குள்ளேயே 'டொக் டொக்'. குதிரை அவர் பின்னால் போனது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையோடு போனேன்.

"உங்ககிட்ட நல்லாப் பழகியிருக்கு" என்று அந்த அம்மாள் எழுதிக்கொண்டார்.

மானியம் வந்தது. கம்பவுண்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த தடவ எடது பக்கமா நின்னு கயித்தப் புடிங்க சார். வலப்பக்கம் நின்னா அது மெரளும்." திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இப்படி ஒரு மனசு இந்த ஆளுக்கு எப்படி வாய்த்தது என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. போன மாதம் திருமழபாடி போன வழியில் ஓர் அய்யனார் கோயிலில் இறங்கினேன். வெள்ளைக் குதிரைகளின் வரிசையில் ஒரு மண் குதிரைக்கு மட்டும் செவலை நிறம் பூசியிருந்தது. பூசாரியிடம் கேட்டேன்.

"அதுங்களா? இங்க உசுரோட ஒண்ணு இருந்துச்சு. செத்தப்பறம் அதோட ஞாபகமா செஞ்சு வச்சோம். கம்பவுண்டரு குதிரைம்பாங்க."

வீட்டுக்கு வந்ததும் கார்பன் பிரதியைத் தேடி எடுத்தேன். அந்தக் குதிரைகளுக்கு நான்தான் பொறுப்பு என்று சொல்ல உலகத்தில் இந்த ஒரு காகிதம்தான் இருக்கிறது. கிழித்துப்போடலாம் என்றுதான் எடுத்தேன். மனசு வரவில்லை. மடித்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.