ஆழத்தில் வைத்த கிழங்கு

பூட்டுக்கடைக்காரருக்கு வலது பக்கம் விளங்காமல் போனதும் ஐரிஸ் பூந்தோட்டத்து வேலை முழுக்க மனைவியின் தலையில் விழுந்தது. அவருக்கு வாய் மட்டும் பழைய மாதிரியே இருந்தது.

“கிழங்கோட முதுகு மண்ணுக்கு மேல தெரியணும். வெயில் படலைன்னா ஐரிஸ் பூக்காது. மண்டையில ஏறுச்சா?”

“ஏறுச்சுங்க.”

நன்றாகவே ஏறியது. மற்ற ரகங்களை எல்லாம் அவர் சொன்னபடியே பிரித்து நட்டாள். இடிந்த வீடு ஒன்றிலிருந்து அவர் கொண்டுவந்த, பெயர் தெரியாத பழைய ரகத்தை மட்டும் ஒரு சாண் ஆழத்தில் வைத்து மூடினாள்.

அது ஒரே ஒரு முறைதான் பூத்திருந்தது. மேலிதழ் வைக்கோல் நிறம், கீழிதழ் அடர்ந்த சிவப்பு, அதன் நடுவில் பித்தளைத் துருவல் போலத் தாடியாக மயிரிழைகள். அழிந்துபோனதாகச் சொல்லப்பட்ட ரகமோ என்று அவருக்குச் சந்தேகம். அது பூத்த வாரம்தான் அவள் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

“பூ மூணு நாள்தான். நீ பிடிச்சாத்தான் நான் அளக்க முடியும். உங்கம்மா எங்க ஓடிடப் போறா?”

அவள் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா போய்ச் சேர்ந்தாள்.

இடம் மாற்றிய செடியின் முதல் பூவை நம்பக் கூடாது, இரண்டாவதைப் பார்த்துத்தான் பெயர் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கறார். அந்த இரண்டாவது பூவுக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவருக்கு இலை மட்டுமே தெரிந்தது.

இந்தக் கோடையிலும் பூக்கவில்லை. ஐரிஸ் வளர்க்கும் கூட்டாளியான மருந்துக்கடைக்காரரை வரவழைத்தார். அவர் இலையின் அடியைக் கிள்ளிப் பார்த்தார். மண்ணில் விரலை விட்டார். விரல் போய்க்கொண்டே இருந்தது.

“அண்ணி... என்ன இது?”

“கிழங்குதான். வேறென்ன?”

அவர் உள்ளே போய்க் கட்டிலருகே நின்று, “கிழங்குக்கு வயசாயிடுச்சுண்ணே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார். அடுத்த வருஷம் கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தது மூவருக்கும் தெரியும்.

“வயசெல்லாம் ஆகலைங்க,” என்றாள் அவள் வாசற்படியிலிருந்து. “நான்தான் ஆழமா வெச்சேன். நீங்க படுத்ததுலேருந்து அப்படித்தான் இருக்கு.”

கட்டிலில் கிடந்தவர் அவளைக் கண்டபடி ஏசினார். அப்புறம் குரல் இறங்கியது. கல்யாணமாகி முதல் முறையாகக் கெஞ்சினார்.

“தோண்டி மேல வெச்சிரும்மா.”

“இதோ.”

மண்வெட்டியை எடுத்துப் போய்த் தோண்டினாள். ஒரு கிழங்கும் விடாமல் பழைய செய்தித்தாளில் சுற்றி மருந்துக்கடைக்காரரின் கையில் திணித்தாள்.

“உங்க வீட்ல நடுங்க. மேலாக நடுங்க. நல்லா பூக்கும்.”

“அண்ணே பாத்துட்டு இருக்காருண்ணி.”

“பாக்கட்டும்.”

குழியை மூடி மிதித்துக் கெட்டியாக்கினாள். கை கழுவி, ஆற்றி வைத்த பாலோடு கட்டிலுக்கு வந்தாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“வாயத் திறங்க. ஆடை கட்டிடும்.”