மாடி ஏறாத ஏ.சி.

விளாத்திகுளம் பக்கமிருந்து திருப்பூருக்குப் பனியன் வேலைக்கு வந்த குடும்பத்தில் மூத்தவர் சகாயராஜ். எட்டு வருடம் கட்டிங் மேசையில் நின்றார். முப்பதாம் வயதில் நீதிமன்றத்தில் டவாலி வேலை கிடைத்தது. வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கேஸ் கட்டுகளைத் தூக்குவது, சாவியை வைத்திருப்பது.

சொந்தக் கட்டடம் இல்லாததால் அந்தச் சிறிய நீதிமன்றம் திருமூர்த்தி என்பவரின் மாடியில் வாடகைக்கு நடந்தது. அவருடைய மச்சினனின் சாயப்பட்டறைக் கழிவுநீர் தன் கிணற்றைக் கெடுத்துவிட்டதாக ரங்காத்தாள் என்ற விவசாயி போட்ட வழக்கும் அங்கேதான் விசாரணையில் இருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் நீதிபதி இந்துமதி விடுப்பில் இருந்தார். திருமூர்த்தி இரண்டு ஆட்களோடு வந்து புது ஏ.சி. ஒன்றை இறக்கினார்.

"அம்மா ரூமு நெருப்பாக் கொதிக்குதுங்க. மாட்டிட்டுப் போயிடறோம், கதவத் தொறங்க."

"அம்மா சொல்லாம ஒரு ஆணிகூட அடிக்க முடியாதுண்ணே."

"ஏனுங்க, என்ற கட்டடத்துல நான் மாட்டக் கூடாதுங்களா?"

"உங்க மச்சினன் கேஸு உள்ள ஓடுதுல்லா. அது முடியட்டும்ணே."

சகாயராஜ் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏ.சி. வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது.

மறுநாள் நீதிபதியிடம் சொன்னார். அவர் இரு தரப்பு வக்கீல்களையும் அழைத்து, நடந்ததை எல்லார் முன்னிலையிலும் பதிவு செய்தார். தான் தொடர்ந்து விசாரிப்பதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். யாருக்கும் இல்லை. வேறு கட்டடம் கேட்டு மாவட்ட நீதிபதிக்குக் கடிதமும் எழுதினார்.

அடுத்த வாரம் மாடிக்குத் தண்ணீர் நின்றது. மோட்டார் ரிப்பேர் என்றார்கள் திருமூர்த்தியின் ஆட்கள். ஒன்பது வாரம் சகாயராஜ் தெருக்குழாயிலிருந்து குடத்தில் தூக்கி ஏற்றினார். தோள் வீங்கிவிட்டது.

எண்ணெய் தேய்த்துவிட்ட மனைவி விஜயராணி, "ஒரு ஏ.சி.ய மாட்ட விட்டா என்ன குடியா முழுகிரும்?" என்றார்.

"மாட்டியிருந்தா, அதுக்கப்புறம் அம்மா என்ன தீர்ப்பு எழுதினாலும் சனம் அந்த ஏ.சி.யத்தான பாக்கும்."

விஜயராணி இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்துத் தேய்த்தார்.

ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கழிவுநீர் விடத் தடை. நஷ்டஈடு மட்டும், போதிய சாட்சியம் இல்லை என்று தள்ளுபடி. படியிறங்கும்போது ரங்காத்தாள், "பாதிதானுங்களா கண்ணு?" என்று கேட்டார்.

"மேல அப்பீல் போகலாம்மா" என்றார் சகாயராஜ்.

வருடக் கடைசியில் நீதிமன்றம் ஊத்துக்குளி ரோட்டில் ஒரு பழைய குடோனுக்கு மாறியது. மேலே தகரக் கூரை. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். சகாயராஜ் இப்போது காலை ஏழரைக்கே கிளம்பிவிடுகிறார்.