காத்துக்காரம்மாவின் முதல் லீவு

அந்தக் குடியிருப்பில் அவளைக் காத்துக்காரம்மா என்று சொன்னால்தான் தெரியும். பேய் ஓட்டுகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய கட்டடங்களில் சீலிங்கிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறதே, அது எந்த அறைக்கு எவ்வளவு போக வேண்டும் என்று அளந்து சரிசெய்வதுதான் அவள் தொழில். துணியால் செய்த பெரிய புனல் ஒன்றைக் காற்று வரும் திறப்போடு சேர்த்துத் தூக்கிப் பிடிப்பாள். புனலின் அடியில் இருக்கும் மீட்டர் ஓர் எண்ணைக் காட்டும். பிறகு ஏணியில் ஏறி, குழாய்க்குள் இருக்கும் தகட்டைக் கொஞ்சம் திருப்புவாள். ஒருத்தர் ஸ்வெட்டருக்குள் நடுங்க, பக்கத்து மேஜைக்காரர் ஃபைலால் விசிறிக்கொண்டிருக்கும் ஆபீஸில் சண்டை ஓய்வது அவள் வந்துபோன பிறகுதான்.

இருபத்திரண்டு வருடம் அவள் யாரிடமும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை. தானே வேலை பிடிப்பாள், தானே ஒப்பந்தம் பேசுவாள், ஏணியையும் தானே சுமப்பாள். "எனக்கு மேல யாரும் கிடையாது. சீலிங் மட்டும்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அது சுத்தப் பொய். அவளுக்கு மேல் ஒரு முதலாளி இருந்தாள். காய்ச்சலென்றாலும் விடமாட்டாள், ஞாயிற்றுக்கிழமையென்றாலும் இரங்கமாட்டாள். அந்தக் கல்நெஞ்சக்காரி வேறு யாருமில்லை, இவளேதான்.

போதாக்குறைக்கு, ஆபீஸ்கள் காலியாக இருக்கும் நாளில்தான் காற்றை அளக்க முடியும். ஊரே வீட்டில் இருக்கிற நாளில் இவள் ஏணியில் இருப்பாள். அதனால் குடும்பப் படங்கள் பலவற்றில் அவள் இல்லை. இருக்கிற படங்களிலும் இருக்கிறாள் என்று அடித்துச் சொல்ல முடியாது. எல்லோரும் கேமராவைப் பார்க்க, இவள் மட்டும் முகவாயைத் தூக்கிச் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகளின் பள்ளி ஆண்டு விழா, மைத்துனரின் வரவேற்பு, எதை எடுத்தாலும் அவளுடைய கழுத்து நன்றாக விழுந்திருக்கும்.

அவள் கணவர் இதற்கு நேர்மாறு. நூலகத்தில் குமாஸ்தா. லீவு எடுப்பதில் அவருக்குப் பட்டமே கொடுக்கலாம். இரண்டு விடுமுறைக்கு நடுவே ஒற்றை வேலைநாள் தனியாக மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்த்தால் அவருக்கு மனசு தாங்காது, ஒரு லீவைப் போட்டு அதையும் சேர்த்துக்கொள்வார்.

ஒரு நாள் சாப்பிடும்போது மகள் விஷயத்தைச் சொன்னாள். கூட வேலை பார்க்கிற பையனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது வீட்டுக்கு ஏற்கெனவே தெரியும். தேதிதான் புதிது.

"ஆறு மாசம் கழிச்சு ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். ஆடம்பரம் எதுவும் வேண்டாம். நீ வந்தாப் போதும்மா."

"வராம எங்கடி போவேன்?"

"சீலிங்குக்குப் போவே. உடம்பு மட்டும் வந்தா எனக்குப் பத்தாது. அன்னைக்கு ஒரு நாள் முழுசா வா."

அவளுக்குச் சுருக்கென்றது. அன்று வேலை ஏதாவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போயிற்று என்றாள்.

"நீயா? வேண்டாம்னா?" என்றார் கணவர். கேலி செய்யக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டார். அவளும் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். இந்தத் தடவை மறுத்தால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் இருபத்திரண்டு வருடமாக அடிவயிற்றில் குடியிருந்தது. அதை ஒரே நாளில் காலிசெய்யச் சொல்ல முடியாது.

"அந்த ஏஜென்சில சேர்ந்துடு. லீவுன்னு ஒண்ணு தருவாங்க. சம்பளத்தோட தருவாங்க" என்றார் அவர், ஏதோ அமிர்தம் கிடைக்கும் இடத்தைச் சொல்வதுபோல்.

இவளை மாதிரி கன்சல்டன்ட்டுகளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, கேட்கிற கம்பெனிகளுக்கு அனுப்பும் ஏஜென்சி அது. பல தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். இவள்தான் பேச்சு முடிவதற்குள் போனை வைத்துவிடுவாள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால் வேலையெல்லாம் ஏஜென்சி வழியாகத்தான் வர வேண்டும், தனியாக எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

சேர்ந்ததும் அவளுக்குக் கிடைத்தது ஒரு நாற்காலி. அடுத்த வேலை வரும்வரை ஆபீஸில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பெஞ்ச் என்று பெயர். மற்றவர்கள் பெஞ்சில் நிம்மதியாகப் படம் பார்த்தார்கள். இவள் முள்மேல் உட்கார்ந்ததுபோல் நெளிந்தாள். உழைக்காமல் சம்பளம் வாங்குவது, யார் வீட்டிலோ அழைக்காமல் நுழைந்து சாப்பிடுவதுபோல் இருந்தது அவளுக்கு.

சீலிங் வேறு கண்ணெதிரே இருந்தது. பெஞ்சுப் பக்கம் காற்றே வரவில்லை, எல்லோரும் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அறையில் மட்டும் பனிக்காலம். அவர் வருடம் முழுக்கக் கோட்டோடு கம்பீரமாக உலவியதன் ரகசியம் இதுதான். எத்தனை நாள்தான் பொறுப்பாள்? ஒரு சனிக்கிழமை புனலையும் ஏணியையும் கொண்டுவந்து மொத்த ஆபீஸையும் ஒழுங்குசெய்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை பெஞ்சுக்காரர்கள் சொர்க்கத்தில் இருந்தார்கள். மேனேஜர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு அவள் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

"மேடம், வேலை அருமை. ஆனா யாரு செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லல தம்பி... சார். அளவு தப்பா இருந்துச்சு."

"இங்க யாராவது கேட்டாத்தான் வேலை. கேக்காமச் செஞ்சா அது பிரச்சினை. இனிமே தயவுசெஞ்சு சும்மா இருங்க."

சும்மா இருக்கச் சொல்லி அவளிடம் யாரும் கெஞ்சியதில்லை. ராஜினாமாவை மனசுக்குள் எழுதி, கையெழுத்துப் போடுமுன் மகளின் தேதியை நினைத்துக் கிழித்துப் போட்டாள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்தது சோதனை. பழைய வாடிக்கை, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நிர்வாகி, போன் செய்தார். ஆபரேஷன் தியேட்டர்களை ஒரே ஒரு நாள் மூடப்போகிறார்கள், காற்றை அவள்தான் அளக்க வேண்டும். ஏஜென்சியும் வேண்டாம் கீஜென்சியும் வேண்டாம், பழையபடி தனியாகவே வந்துவிடுங்கள் என்றார். தேதியைக் கேட்டாள். மகளின் தேதி.

காலையில் முடித்துவிட்டு மதியம் ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு ஓடிவிடலாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த மாதிரிக் கணக்குப் போட்டுத்தான் பள்ளி விழாக்களுக்கெல்லாம் கடைசிப் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். இந்தத் தடவை அவள், "ஏஜென்சியில கேளுங்க சார்" என்றாள். சொல்லிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜரிடம் லீவு கேட்கப் போனாள். காரணங்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தாள். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே "எடுத்துக்கோங்க மேடம்" என்றார்.

"ஆஸ்பத்திரி வேலை அன்னைக்குத்தானே சார்?"

"வேற ஆள அனுப்பறேன்."

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன, குறைந்தா போவார்? வேறு ஆள் என்பது பெஞ்சில் படம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கன்சல்டன்ட். அவன் தப்பாகச் செய்துவிடுவானோ என்று அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. சரியாகச் செய்துவிடுவானோ என்று நிறையப் பயமாக இருந்தது.

அந்த நாளில் போனைக் கணவரின் பையில் போட்டுவிட்டு ரெஜிஸ்டர் ஆபீஸுக்குள் நுழைந்தாள். நுழைந்த உடனே கழுத்தில் தெரிந்துவிட்டது. தலைக்கு நேர் மேலே இருந்து காற்று கொட்டுகிறது. யாரோ அட்டையை வைத்து அடைக்கப் பார்த்து, அந்த அட்டையும் பாதி பிய்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. பதிவாளர் மஃப்ளர் சுற்றியிருந்தார். மேஜையில் ஒவ்வொரு காகிதத்தின் மேலும் ஒரு காவல்: ஸ்டேப்ளர், கப், சாவிக்கொத்து. இத்தனை அநியாயத்துக்கும் அவள் நிமிரவில்லை. மகளின் முகத்திலேயே கண்ணை நட்டு வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டான். அடுத்து மகள் பேனாவைத் தொடுவதற்குள் காகிதம் எழும்பிப் பறந்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. மாப்பிள்ளை தரையில் படுத்து எடுத்தான். திரும்ப வைத்தார்கள், திரும்பப் பறந்தது.

மகளுக்கே பொறுக்கவில்லை. "அம்மா, அதைக் கொஞ்சம் பாரேன்."

"நான் லீவுல இருக்கேன்" என்றாள் அவள். எழுந்து போய் இரண்டு கைகளாலும் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "போடு."

மகள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். போடும்போது நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டாள்.

அவள் மெதுவாகக் கணவரிடம் கேட்டாள்: "எப்பலேர்ந்து நாக்கைக் கடிக்கறா?"

"ஸ்லேட்டு பிடிச்ச நாள்லேர்ந்து" என்றார் அவர்.

அவளுக்கு அழுகை வந்தது. பிள்ளை ஸ்லேட்டிலிருந்து கல்யாணக் காகிதத்துக்கு வந்துவிட்டாள், பெற்றவளுக்கு இது இன்றைக்குத்தான் தெரிகிறது. காற்றில் கண் எரிகிறது என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் நம்பும்படிதான் அந்தக் காற்றும் இருந்தது.

ஆஸ்பத்திரி வேலையை அந்த ஆள் சரியாகவே முடித்துவிட்டான். அவனை மன்னிக்க அவளுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

அன்று எடுத்த படம் இப்போது வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ரெஜிஸ்டர் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் எடுத்தது. அவர் எடுத்த நேரத்தில்தான் அந்த அட்டை முழுசாகப் பிய்ந்து விழுந்திருக்கிறது. மகள், மாப்பிள்ளை, கணவர், மஃப்ளர் பதிவாளர் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். இவள் ஒருத்தி மட்டும், தலைமுடி நாலாபக்கமும் பறக்க, நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் மேலே அப்படி என்னதான் இருந்தது என்று கேட்கிறார்கள்.

"தெரியாதுங்க" என்கிறாள் காத்துக்காரம்மா. "நான் பாக்கல."