பதில் கேட்காமல் பேசியவள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மோரெனிகே ஒருத்தியின் கோபத்துக்கு ஆளானாள். இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் வயதில் மூத்தவளை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு நாக்கு எழவில்லை. அவள் பிறந்து வளர்ந்த அபெயோகுட்டாவில் அப்படிக் கூப்பிட்டால் வாயிலேயே போடுவார்கள். அதனால், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அந்தச் சிறப்புப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக வகுப்பு உதவியாளராக இருக்கும் டோனாவைப் பார்த்ததும், "குட் மார்னிங், ஆன்ட்டி டோனா" என்றாள்.

டோனா டீக் கோப்பையை டொக்கென்று மேசையில் வைத்தாள். "ஆன்ட்டியா? எனக்கு இன்னும் அம்பத்தஞ்சுகூட ஆகல கண்ணு. வந்ததும் வராததுமா என்னைக் கிழவியாக்காத. டோனான்னு கூப்பிடு."

"சரி ஆன்ட்டி."

வகுப்பாசிரியை ஜில்லியன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டோனா அன்று சாயங்காலம்வரை புதியவளோடு பேசவில்லை.

மோரெனிகே இந்த வேலைக்கென்று படித்தவள் இல்லை. ஊரில் ஆறு வருடம் வானொலியில் இருந்தாள். காலை ஏழு மணிக்கு யொரூபா மொழியில் பெண்களுக்கான சுகாதார நிகழ்ச்சி. மலேரியா, தாய்ப்பால், தடுப்பூசி என்று வாய் ஓயாமல் பேசுவாள். அந்தக் குரலை வைத்துச் சந்தையில் காய் விற்கிற பெண்கள்கூட அவளை அடையாளம் கண்டுகொள்வார்கள். பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்க இங்கிலாந்து வந்து, வகுப்பிலேயே முதல் மதிப்பெண்ணும் வாங்கினாள். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் வேலை பார்க்க விசா கிடைத்தது. ஆனால் விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் அவளுடைய மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. "விசா எத்தனை நாளைக்கு இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். கடைசியில் பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சி, "நாளைக்கே ஒரு இடத்துக்குப் போக முடியுமா?" என்றது. போனாள்.

முதல் வாரம் அவளுடைய சடைப் பின்னலை ஒரு குழந்தை பிடித்து இழுத்தது. இன்னொன்று அவள் மேல் தயிரைத் துப்பியது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நாப்கின் மாற்றினாள், ஸ்பூனால் ஊட்டினாள், சக்கர நாற்காலி தள்ளினாள். கூடப் படித்தவர்கள் மருத்துவமனை அலுவலகங்களில் வேலை கிடைத்த செய்தியை வாட்ஸ்அப் குழுவில் போடப் போட, அவள் அந்தக் குழுவைத் திறப்பதையே விட்டுவிட்டாள். அப்பா தொலைபேசியில் கேட்டபோது, "ஒரு பள்ளிக்கூடத்துல இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் சர்ச் முழுக்க, மகள் இங்கிலாந்தில் ஆசிரியை என்று பறைசாற்றிவிட்டார். அவளும் திருத்தவில்லை.

அந்த வகுப்பில் டார்சி என்று ஒரு சிறுமி இருந்தாள். பத்து வயது. செம்பு நிறத் தலைமுடி, நுனிக்காலில் நடை. வாயால் ஒரு சொல் பேசியதில்லை. சத்தம் கூடினால் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். அவளுக்காக நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு டேப்லெட்டை இரவலாகக் கொடுத்திருந்தார்கள். அதில் கட்டம் கட்டமாகப் படங்கள். படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லை அது உரக்கச் சொல்லும். பள்ளியில் எல்லோரும் அதை டாக்கர் என்றார்கள். டார்சி அதில் ஒரே ஒரு சொல்தான் தொடுவாள்: பிஸ்கட். அதுவும் யாராவது பிஸ்கட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றால்தான்.

மாதம் ஒருமுறை வரும் பேச்சுச் சிகிச்சையாளர் எப்போதும் ஒரே பாட்டைத்தான் பாடினாள். "அவளைப் பேசச் சொல்லிக் கேக்காதீங்க. நீங்க அதுல பேசுங்க. அவ பார்க்கட்டும்." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒன்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அதற்கு யாருக்கு நேரம்?

மோரெனிகேக்கு அந்தப் பேச்சு சட்டென்று பிடிபட்டது. பேசுவது ஒன்றுதான் அந்த வகுப்பில் அவளுக்குத் தெரிந்த வேலை. டாக்கரின் பக்கங்களைத் தாளில் அச்செடுத்துக்கொண்டாள். காலையில் பேருந்தில் அதை மடியில் விரித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பழகினாள். எதிர் இருக்கைக் கிழவர் ஒருவர் குனிந்து பார்த்து, "பியானோ வாசிப்பியாம்மா?" என்று கேட்டார்.

அதன்பிறகு அவள் வாய் என்ன சொன்னாலும் விரல் அதில் பாதியை டாக்கரில் சொன்னது. ஜன்னலில் தூறல் விழுந்தால், "மழை. மறுபடி." மதியம் வயிறு கத்தினால், தன் பெயரைச் சுருக்கி, "மோ. பசி." டோனா பத்து நிமிடம் பிந்தி வந்தால், "டோனா. தாமதம்." டார்சியை அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான். டார்சி மேசைக்கு அடியில் போனால் இவளும் டாக்கரைத் தூக்கிக்கொண்டு அடியில் போவாள்.

"என்ன மோ, சுவத்தோட பேசிட்டிருக்கியா?" டோனா குனிந்து பார்த்துச் சிரித்தாள்.

"ஆறு வருஷம் மைக்கோட பேசினேன் ஆன்ட்டி. மைக் ஒரு நாளும் திருப்பிப் பேசினதில்ல. ஆனா ஊரே கேட்டுச்சு."

"இந்தப் பொண்ணை விட்டாப் பேசியே சாகடிச்சிருவா," என்று டோனா ஜில்லியனிடம் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து ஆன்ட்டி என்று கூப்பிட்டதற்குச் சண்டை போடவில்லை.

அக்டோபர் போனது, கிறிஸ்துமஸ் போனது. கிணற்றில் போட்ட கல்தான். ஜனவரியில் ஒரு நாள் தீயணைப்பு மணி அடித்த பதற்றத்தில் டார்சி மோரெனிகேயின் முன்கையைப் பல் பதியக் கடித்துவிட்டாள். வலி உயிர் போனது. மோரெனிகே மற்றக் கையால் டாக்கரைத் தேடி எடுத்து, "மோ. வலி" என்று தொட்டாள். டார்சி அழுகையை நிறுத்தி அந்தத் திரையையே பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பார்வையை மோரெனிகே கவனித்துவிட்டாள். கைக்குக் கட்டுப் போடும்போது, "கேட்டுட்டுதான் இருக்கா ஆன்ட்டி" என்றாள். டோனா பிளாஸ்டரை அழுத்தி ஒட்டினாள்.

பிப்ரவரியில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. டார்சியின் முன்னேற்றத்தைப் பார்க்கும் வருடாந்திரக் கூட்டத்தில் டாக்கரைத் திருப்பி எடுப்பதைப் பற்றி முடிவு செய்யப்போகிறார்களாம். ஒன்பது மாதத்தில் குழந்தை ஒரு சொல்தான் பயன்படுத்தியிருக்கிறாள். காத்திருக்கும் மற்றப் பிள்ளைகளின் பட்டியல் நீளம்.

உதவியாளர்களை யாரும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. ஆனால் குழந்தையும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்பதால், "நீ கூட இருந்தாத்தான் டார்சி உக்காருவா. வா" என்றாள் ஜில்லியன்.

சின்ன அறை. டார்சியின் அம்மா லியான், ரொட்டிக் கடை வேலையிலிருந்து நேராகச் சீருடையிலேயே வந்திருந்தாள். சட்டைக் கையில் மாவு. நகராட்சி அலுவலகத்திலிருந்து வந்தவர் மரியாதையான மனிதர்தான். கோப்பைத் திறந்து மெதுவாகப் பேசினார். "இந்தக் கருவி டார்சிக்குப் பொருந்தலைன்னுதான் தெரியுது. இதோட பதிவுல நிறைய சொல் இருக்கு. ஆனா அதெல்லாம் ஊழியர் தொட்டதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

லியான் கையிலிருந்த மாவைத் தேய்த்துக்கொண்டே தலை குனிந்தாள். டார்சி ஜன்னலோரம் டாக்கரை மடியில் வைத்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.

மோரெனிகே கையைத் தூக்கினாள். "நான் ஒண்ணு சொல்லலாமா சார்?"

"நீங்க..."

"வகுப்பு உதவியாளர். ஏஜென்சி ஆள்."

அவர் ஜில்லியனைப் பார்த்தார். "அந்த டாக்கர்ல எங்க எல்லாரையும்விட நல்லாப் பேசறது அவங்கதான்" என்றாள் ஜில்லியன்.

"ஒரு குழந்தை முதல் சொல்லு பேசறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் நாம பேசறதைக் கேக்குது," என்றாள் மோரெனிகே. "டார்சி முன்னாடி இந்த மொழியை யாராவது பேச ஆரம்பிச்சே அஞ்சு மாசம்தான் ஆகுது. எந்தக் குழந்தைகிட்டயாவது போய், 'ஒன்பது மாசமாச்சு, நீ பேசல, வாயைத் திருப்பிக் குடு'ன்னு கேப்பமா சார்?"

அவர் பேனாவை உருட்டினார். "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா பட்டியல்..." என்று தொடங்கினார். கூட்டத்துக்கு வந்திருந்த பேச்சுச் சிகிச்சையாளர் குறுக்கே பேசினாள், ஜில்லியன் பேசினாள், லியான் ஏதோ கேட்டாள். எல்லாரும் ஒரே நேரத்தில் டார்சியைப் பற்றிப் பேசினார்கள்.

"நிறுத்து."

டாக்கரின் குரல். எல்லோரும் மோரெனிகேயைப் பார்த்தார்கள். அவளுடைய இரண்டு கையும் மேசை மேல் இருந்தன.

"நிறுத்து. பேச்சு" என்றது டாக்கர். டார்சி ஆடுவதை நிறுத்தியிருந்தாள். ஒரு பக்கம் திருப்பினாள். இன்னொரு பக்கம். தவறான பக்கம் வந்ததும் பின்னால் போனாள்.

"டார்சி. இங்கே."

இன்னொரு பக்கம். விரல் கட்டத்தின் மேல் சற்று நின்று இறங்கியது.

"என்னுடையது."

பிறகு, அதே வேகத்தில்: "பிஸ்கட்."

லியான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்படியே அழுதாள். "ஐயோ, இவ முன்னாடி பத்து வருஷமா நான் என்னென்ன பேசியிருக்கேன்!" என்றாள். அதிகாரி கோப்பை மூடிவைத்துவிட்டு, அன்று முதல் தடவையாக நேராக டார்சியைப் பார்த்து, "மன்னிச்சுக்கோ டார்சி. உன்னுடையதுதான்" என்றார்.

மோரெனிகே டார்சியிடம் போய்க் குந்தி, டாக்கரில், "ஆமாம். உன்னுடையது" என்று தொட்டாள். லட்சம் பேர் கேட்ட வானொலியில்கூட அவள் இப்படி ஒரு பேச்சைப் பேசியதில்லை.

டோனா தாழ்வாரத்திலேயே காத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "பேசிட்டாளா? என்ன சொன்னா, திருப்பிச் சொல்லு" என்று மூன்று முறை சொல்லச் சொன்னாள். மறுநாள் அவள் வழக்கம்போல் பிந்தி உள்ளே நுழைந்தபோது, மேசைக்கு அடியிலிருந்து டாக்கர் சொன்னது: "டோனா. தாமதம்."

டோனா கதவிலேயே நின்றுவிட்டாள். "இந்த வாய்த்துடுக்கு உன்கிட்டேர்ந்து வந்ததுதான் மோ," என்றாள். ஆனால் அன்று மதியம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எனக்கும் அந்தத் தாளுல ஒரு காப்பி குடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு, அப்பா சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து மோரெனிகே கூப்பிட்டாள். தொலைபேசி என்றாலும், பெரியவர்களுக்கு மண்டியிட்டு வணக்கம் சொல்லும் பழக்கத்தில் முழங்கால் மடிந்தது.

"அப்பா, நான் ஆசிரியை இல்ல. உதவியாளர். நாப்கின் மாத்தறேன், சோறு ஊட்டறேன்."

பிறகு அவள் டார்சியைப் பற்றி முதலிலிருந்து சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்தப் பொண்ணு இப்போ பேசுதா?"

"பேசுதுப்பா. முந்தாநாள் டோனா ஆன்ட்டியைக் கிண்டல் பண்ணிச்சு."

"யார் கத்துக்குடுத்தா?"

"நான் பக்கத்துல உக்காந்து பேசினேன். அதுவே கத்துக்கிச்சு."

"அப்போ நான் சர்ச்சுல என்ன பொய் சொல்லிட்டேன்? ஞாயித்துக்கிழமை அதுவுமா மனுஷனைப் பயமுறுத்திட்டே போ!" என்றார் அப்பா. அடுத்த வாரம் அவர் டார்சியின் கதையையும் சேர்த்து ஊருக்குச் சொல்லிவிட்டார் என்று தம்பி செய்தி அனுப்பினான்.

டாக்கர் டார்சியின் பெயருக்கே நிரந்தரமாக எழுதப்பட்டது. பள்ளி, ஏஜென்சியை விலக்கிவிட்டு மோரெனிகேயை நேரடியாக வேலைக்கு எடுத்தது. ஈஸ்டருக்கு முன்பு, எல்லா வகுப்பு ஊழியர்களையும் கூட்டி, பக்கத்தில் உட்கார்ந்து எப்படிப் பேசுவது என்று அவளையே சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த டோனா, இடையில் கிசுகிசுத்தவர்களைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள். விசா முடிய இன்னும் பல மாதங்கள் இருந்தன. அதற்குள் நியூகாசிலில் பேச்சுச் சிகிச்சை படிக்க மோரெனிகேக்கு இடம் கிடைத்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் அவளே அதை எழுதினாள். என்ன வேலை பார்க்கிறாள் என்பதையும் மறைக்காமல் எழுதினாள்.

மே மாதம் வகுப்பை ரெட்கார் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். காற்று பிய்த்தெடுத்தது. டார்சி டாக்கரைக் கழுத்துப் பட்டையில் மாட்டிக்கொண்டு, நுனிக்காலில் ஈர மணலில் போய் நின்று கடலை வெகுநேரம் பார்த்தாள். 'கடல்' என்ற சொல் அவளுக்குத் தெரிந்த பக்கங்களில் இல்லை. அவள் இரண்டு பக்கம் திருப்பினாள்.

"பெரிய. குளியல்."

டோனா மோரெனிகேயின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இது நீ சொல்லிக்குடுத்ததா?"

"இல்ல ஆன்ட்டி," என்றாள் மோரெனிகே. முகமெல்லாம் பூரித்திருந்தது. "நான் ஒரு நாளும் இப்படிச் சொன்னதே இல்ல. இது அவளோடது."

டார்சி ஷூவோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். மோரெனிகேயும் பின்னாலேயே இறங்கினாள்.