கை காட்டினால் மூச்சு

அய்யாசாமிக்கு உடம்பில் எந்தக் கோளாறும் கிடையாது. இரத்த அழுத்தம் மட்டும் நூற்று அறுபதுக்கு நூறு இருந்தது. இரண்டையும் சொல்பவர் அவரேதான், அதுவும் இடைவெளி விடாமல்.

ஆவடியில் ஒரு பாதுகாப்புத்துறைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறார். இரும்பு ஏணியில் ஏறிப் போனால், தகரக் கூரைக்குச் சற்றே கீழே அவருடைய கூண்டு தொங்கும். கோடையில் அங்கே வெயில் தெரியாது, சூடு மட்டும் தெரியும். அந்தச் சூட்டில் உட்கார்ந்துகொண்டு பன்னிரண்டு டன் இரும்பை ஓசைப்படாமல் இறக்கி வைப்பார். அதே மனிதர் வீட்டில் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தால் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் எட்டிப் பார்ப்பார்கள்.

ஏப்ரல் மாதப் பரிசோதனையில் ஆலை டாக்டர் கெடு வைத்தார். மாத்திரை, உப்புக் குறைப்பு, கொஞ்சம் யோகா. மே முப்பதாம் தேதி அழுத்தம் நூற்று நாற்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூண்டு கிடையாது, கீழே ஸ்டோரில் நாற்காலி. மற்றவர்கள் அந்த நாற்காலிக்கு மனுப் போட்டுக் காத்திருக்கிறார்கள்: நிழல், மின்விசிறி, கூப்பிடு தூரத்தில் டீ. அய்யாசாமிக்கோ அதைக் கேட்ட இடத்திலேயே இன்னும் பத்துப் புள்ளி ஏறியிருக்கும்.

குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் காலை ஐந்தரைக்கு மதிவதனி யோகா வகுப்பு எடுத்தாள். இருபத்தாறு வயது, எதிர் பிளாக்கில் வீடு. அங்கே பதினொரு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அய்யாசாமியின் மனைவி சுசீலா. அவர் ஒரு வருடமாக மன அமைதிக்காக வருகிறார். அமைதிக்கு என்ன குறை என்று கேட்டால் கணவர் இருக்கும் திசையைக் காட்டுவார். இப்போது அந்தத் திசையே பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டது.

"வெயில் காலத்துல உடம்ப முறுக்கக் கூடாது," என்றாள் மதிவதனி. "மெதுவா குனியணும், மெதுவா நிமிரணும். மூச்சு மட்டும் நீளமா."

மெதுவாக என்பது அய்யாசாமிக்குத் தொழில். குனிவதிலும் நிமிர்வதிலும் முதல் நாளே பதினொரு பெண்களையும் தாண்டிவிட்டார். தகராறு மூச்சில்தான் வந்தது.

"கண்ண மூடுங்க அங்கிள். மூச்ச உள்ள இழுங்க."

கண்ணை மூடினார். மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. முகம் சிவந்தது.

"கண்ண மூடிகினா சிக்னல் எப்டிம்மா தெரியும்?"

"இன்னா சிக்னல் அங்கிள்?"

ஆலை ஷெட்டின் இரைச்சலில் காதால் பயனில்லை. கீழே ஒருவர் நின்று கை காட்டுவார். விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் தூக்க வேண்டும், கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்க வேண்டும். அந்த ஒருவரின் கையைத் தவிர வேறு எந்தக் கைக்கும் ஆபரேட்டர் அசையக் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. உள்ளங்கையை விரித்து யார் நிறுத்தச் சொன்னாலும், கேன்டீன் ஆளே சொன்னாலும், அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். இருபத்தெட்டு வருடத்தில் அய்யாசாமி மேலதிகாரிகளை மீறியிருக்கிறார், இந்த விதியை மீறியதில்லை. மூச்சையும் அவர் ஒரு பளுவாகத்தான் எடுத்துக்கொண்டார்.

மதிவதனி இரண்டு நாள் விரலைச் சுழற்றிப் பார்த்தாள்; அவள் கைக்கு மூச்சு அசையவில்லை. அதற்குள் மற்றவர்களில் நான்கு பேர் படுத்துத் தூங்கிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் திருமுல்லைவாயிலிலிருந்து யூசுப் வந்தார். கிரேனுக்குக் கீழே பதினெட்டு வருடமாகக் கை காட்டுபவர் அவர்தான்.

"இன்னா நைனா, லோடுக்குத்தான் நானுன்னு பாத்தா மூச்சுக்கும் நான்தான் வரணுமா?"

"வேற எவன் கைய நம்பறது? நில்லு அப்டி."

யூசுப் தண்ணீர்த் தொட்டியோரம் நின்று விரலைச் சுழற்றினார். அய்யாசாமியின் மூச்சு குலுங்காமல் ஏறி, குலுங்காமல் இறங்கியது.

"எங்கூட்டுக்காரருக்கும் இப்டி ஒரு ஆளு போட்டா தேவல," என்றார் பக்கத்துப் பாயில் இருந்த நாகம்மாள்.

"இவரையே இட்டுகினு போ. ஆளும் கூடவே வரும்," என்றார் சுசீலா.

அக்னி நட்சத்திரம் வந்தது. பற்களுக்கு இடையே காற்றை இழுத்து மூக்கால் விடும் குளிர்ச்சி மூச்சையும் மதிவதனி சொல்லிக்கொடுத்தாள். மருந்துக்கடையில் பார்த்தபோது அழுத்தம் நூற்று முப்பத்தெட்டு. பக்கத்தில் யூசுப் நின்றிருந்தார். அவர் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் நூற்று ஐம்பத்திரண்டு. இதிலிருந்து அய்யாசாமி எடுத்த முடிவு மாத்திரையைப் பற்றியதோ உப்பைப் பற்றியதோ அல்ல.

மே முப்பதாம் தேதி டாக்டரின் அறைக்குள் யூசுபை விடவில்லை. அவர் வராந்தாவுக்குப் போய், ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று விரலைச் சுழற்றினார். உள்ளே டாக்டர் அய்யாசாமியின் கையில் பட்டையைச் சுற்றி இயந்திரத்தை முடுக்கினார். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அப்போது அடுத்த ஆள் கதவைத் திறந்து தலையை நீட்டினார். டாக்டர் அவரைப் பார்த்து உள்ளங்கையை விரித்தார்.

அய்யாசாமியின் மூச்சு பாதி வழியில் நின்றது.

வந்தவருக்கு ஏதோ சந்தேகம். அதைத் தீர்த்து அனுப்பும்வரை டாக்டர் கையை இறக்கவில்லை. இயந்திரம் நூற்று ஐம்பத்தெட்டு என்று காட்டியது.

"குறையலையே அய்யாசாமி."

"நீங்க ஸ்டாப் குடுத்தீங்க சார்."

"நான் அவருக்கில்ல காட்டினேன்?"

"யாருக்குக் காட்டினா இன்னா சார்? ஸ்டாப்புன்னா ஸ்டாப்புதான்."

டாக்டர் பலவகைச் சாக்குகளைக் கேட்டவர், இது புதிது. எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். யூசுபின் விரல் மறைந்தது.

"பத்து நிமிஷம் கண்ண மூடி உக்காருங்க. அப்புறம் பாக்கலாம். அதுதான் கடைசி."

கண்ணை மூடியதும் ஸ்டோர் நாற்காலிதான் தெரிந்தது. இரண்டு நிமிடம் அய்யாசாமி மூச்சோடு மல்லுக்கட்டினார். பிறகு, களைத்துப்போய், விட்டுவிட்டார். ஒரு மூச்சு தானாக உள்ளே போனது. யாரும் கை காட்டவில்லை. அது பாட்டுக்குத் திரும்பியும் வந்தது. அனுமதியில்லாமல் நகரும் பளுவைப் பார்ப்பதுபோல அவர் அதைச் சந்தேகத்தோடு கவனித்தார். அடுத்ததும் போனது, இன்னும் கொஞ்சம் நீளமாக.

நூற்று முப்பத்து நான்கு. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"சார், இன்னொரு வாட்டி பாத்துடுங்க. சிக்னல் இல்லாம எடுத்தது அது."

"தூங்கும்போது யாருங்க உங்களுக்குச் சிக்னல் குடுக்கறாங்க?"

அய்யாசாமி தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"அந்தாளு திரைய இழுத்து உட்டாரு," என்று யூசுப் ஓடி வந்தார். "போச்சுடான்னு நெனச்சேன். எவ்ளோ?"

"நூத்தி முப்பத்தி நாலு."

"நான் இல்லாமயா?"

"நீ இல்லாமதான்."

யூசுபுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே முகமும் கொஞ்சம் விழுந்தது. "அப்ப நாளைக்கு மாடிக்கு வர வாணாமா?"

"மாடிக்கு வாணாம்," என்றார் அய்யாசாமி. "ரெண்டு மணிக்கு லோடு கீது. கீழ வந்து நில்லு. நீ கை காட்டாம தூக்க மாட்டேன்."