ரீத்தா அக்காவும் ஷியோல் என்ற சொல்லும்

ஆமாம், அந்தக் கூட்டத்தில் நானும் கையைத் தூக்கினேன். ரீத்தா அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை, ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில், என் கைப்பேசிக்கு வந்தது. முதலில் நினைவுக்கு வந்தது என் கைதான். அழுகை பிறகு.

நம் ஆலயத்தின் துக்க ஜெபக் குழுவில் உங்களில் பலர் அவரைப் பார்த்திருப்பீர்கள். பகலில் பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். மற்ற நேரத்தில் எபிரேயம் படித்தார். யாரும் சொல்லித் தரவில்லை. இறுதிச் சடங்கு ஜெபப் புத்தகத்துக்கு நாங்கள் இருவரும் மெய்ப்புப் பார்த்தோம். ஒரு மதியம், காப்பிக் கடையில், 'நரகம்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"இது இங்க ஏற்கெனவே இருந்த சொல். சமஸ்கிருதத்துலேர்ந்து வந்தது. இயேசு சொன்னது கெகென்னா. ஜெருசலேம் மதிலுக்கு வெளிய ஒரு பள்ளத்தாக்கு. இன்னிக்கும் நடந்தே போலாம்."

"பழைய ஏற்பாட்டுல?"

"ஷியோல். நல்லவன், கெட்டவன் எல்லாரும் போற இடம். நெருப்பே கிடையாது. அடுப்ப மூட்டினது பின்னாடி வந்தவங்க."

பிறகு தெம்பனிஸ் வட்டாரத்தில் ஒரு சாவு. இருபத்திரண்டு வயதுப் பையன், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவன். அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஜெபம் முடிந்ததும் அவனுடைய அம்மா கேட்டார்: "இப்படிப் போனவங்க எங்க போவாங்க?" குழுத் தலைவர் ஞானம் அங்கிள் செபமாலையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ரீத்தா அக்கா பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த இடத்தோட பேரு வேதத்துல மொதல்ல எங்க வருது தெரியுமாம்மா? ஒரு தகப்பன் மகன் செத்துட்டான்னு நெனச்சு அழறார். நானும் அவன்கிட்டயே எறங்கிப் போறேங்கிறார். அங்கதான் வருது. தண்டனையா வரல."

அந்த அம்மா இரண்டு நாளில் முதல் முறையாக ஒரு வாய் மைலோ குடித்தார்.

பையனின் உறவினர் ஒருவர் புகார் செய்தார். குழு கூடியது.

"நீ என்ன பிஷப்பா லா? நரகம் இல்லன்னு சொல்லிட்டு வர்றே!" என்றார் ஞானம் அங்கிள்.

"அந்த வரியில இல்லன்னு சொன்னேன் அங்கிள். கட்டாயம் வேணும்னா அட்ரஸ் தர்றேன், போய்ப் பாருங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அங்கிள் மன்னிக்கவில்லை. இனி துக்க வீடுகளுக்கு ரீத்தா வரக்கூடாது. சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம். எல்லாக் கைகளும் எழுந்தன. அக்கா சொன்னது சரி என்று, அவரைத் தவிர, அந்த அறையில் அறிந்திருந்த ஒரே ஆள் நான். அக்கா என்னைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டார். "பன்னெண்டாம் பக்கத்துல இன்னொரு பிழை இருக்கு, பாத்துக்கோ" என்றார்.

நேற்று அவருடைய உடலருகே ஞானம் அங்கிள் சொன்னார்: "ரீத்தா நேரா மோட்சம்தான். ஆலய மடலுக்கு நீ நல்லதா நாலு வரி எழுதும்மா. அந்தச் சண்டையெல்லாம் வேணாம் லா."

மோட்சமும் நாம் பிறரிடமிருந்து எடுத்த சொல்தான். விடுபடுதல் என்று பொருள். எங்களிடமிருந்து என்றால், அங்கிள் சொன்னது சரி.

பதில் சொல்லும் முன் அக்கா அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாரே, அவரிடமிருந்து அதை எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அது இன்னும் வரவில்லை.

இதுவரை எழுதியதை அப்படியே அங்கிளுக்கு அனுப்பினேன். பிறகு தெம்பனிஸ் போய் அந்த அம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.